ஐஸ் மழைக்கும் பனிப்புயலுக்கும் வீட்டை ஆயத்தப்படுத்துவது (ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம்)

புதுவீட்டுக்காரன்:

வணக்கம். ஸ்காபரோவில் தனி வீடு, 1970களில் கட்டினது. கேஸ் ஃபர்னஸ், கேஸ் வாட்டர் டேங்க். அடுப்பு மட்டும் கரண்ட். கரண்ட் வயர் கம்பத்திலிருந்து மேலால வருது. மேல நாலு பேர், அதில் அம்மா இன்சுலின் போடுறவ. பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கு.

2013 டிசம்பர் மாதிரி இன்னொரு ஐஸ் மழை (மரத்திலயும் வயரிலயும் விழுந்த உடன ஐஸா உறையிற மழை) வந்து மூன்று நாலு நாள் கரண்ட் இல்லாமல் போனால் என்ன செய்யிறது எண்டுதான் கேள்வி. ஹீட்டிங் கேஸில எண்டபடியால் குளிருக்குப் பயமில்லை. சாப்பாடு, தண்ணி, லைட் மூண்டும் பார்த்தால் போதுமோ? ஜெனரேற்றர் வாங்கலாமோ?

வெப்பக்காற்று:

தம்பி, கேஸ் இருந்தாலும் கரண்ட் இல்லாட்டி ஃபர்னஸ் ஓடாது. தெர்மோஸ்டாட், கேஸ் வால்வைத் திறக்கிறது, பற்ற வைக்கிறது, சூட்டுக் காத்தை வீடு முழுக்கத் தள்ளுற புளோவர் எல்லாம் கரண்டிலதான் வேலை செய்யுது. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. கேஸ் குழாயில கேஸ் வந்துகொண்டுதான் இருந்தது, வீடுகள் குளிர்ந்துகொண்டு போனது. நத்தார் கழிஞ்ச பிறகும் கரண்ட் வராத தெருக்கள் இருந்தது. அதனால் உங்கட பட்டியலில முதலாவதா எழுத வேண்டியது ஹீட்டிங்.

வாட்டர் டேங்கையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. மேல சின்ன மோட்டர் பெட்டி பூட்டி, பிளாஸ்டிக் குழாய் சுவரால வெளிய போனால் அது பவர் வென்ட். கரண்ட் போனால் அதுவும் நிக்கும். இரும்புக் குழாய் நேர சிம்னிக்குப் போய், கீழ பைலட் எண்ட சின்னத் தீ எப்பவும் எரிஞ்சுகொண்டிருந்தால் கரண்ட் இல்லாமலும் சுடுதண்ணி வரும்.

ஃபர்னஸுக்கு இப்பவே செய்ய வேண்டியது:

ஃபில்டரை மாத்துங்கோ. ஒரு அங்குல மெல்லிய ஃபில்டர் எண்டால் குளிர் காலத்தில மாதம் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. வெளிச்சத்துக்குப் பிடிச்சால் மறுபக்கம் தெரியாட்டி மாத்த வேணும். அடைபட்ட ஃபில்டரால காத்துப் போகாது. உள்ள சூடு கூடி பாதுகாப்பு சுவிட்ச் பர்னரை நிப்பாட்டும். கொஞ்ச நேரம் ஓடும், நிக்கும், திரும்ப ஓடும். "ஃபர்னஸ் பழுது" எண்டு ஆளைக் கூப்பிடுற அழைப்புகளில கணிசமானது இந்த ஃபில்டராலதான் வருது.

பிறகு வீட்டுப் பக்கச் சுவரில வெள்ளைக் குழாய் ரெண்டு வெளிய நீட்டிக்கொண்டு நிக்குதோ எண்டு பாருங்கோ. ஒண்டு காத்து இழுக்கும், மற்றது புகை விடும். காத்து அடிச்சுப் பனி குவிஞ்சு அதை மூடினால் பிரஷர் சுவிட்ச் ஃபர்னஸை நிப்பாட்டிப் போடும். குழாயைச் சுத்தி ஒரு அடிக்குக் குறையாமல் பனியை விலக்குங்கோ, புயல் நடக்கேக்கை நடுவில ஒருக்காலும் போய்ப் பாருங்கோ. பனி அள்ளுற சவலால இடிக்கக் கூடாது, கையாலயோ தும்புத்தடியாலயோ தட்டுங்கோ. கேஸ் மீட்டருக்கும் இதே கவனம். மேல கூரை பீலியிலிருந்து தண்ணி சொட்டி மீட்டரில ஐஸ் கட்டினால் ரெகுலேற்றரிட சின்னத் துவாரம் அடைபடும். அந்த ஐஸை உடைக்க வெளிக்கிடாமல் கேஸ் கம்பனிக்கு அடியுங்கோ.

ஃபர்னஸ் நிண்டால் உடன ஆளைக் கூப்பிடத் தேவையில்லை. கீழ் மூடியில சின்னக் கண்ணாடித் துவாரம் இருக்கும், உள்ள ஒரு லைட் மின்னும். எத்தனை தரம் மின்னுது எண்டு எண்ணி, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பாருங்கோ. பிறகு பக்கத்து சுவிட்சை அணைச்சு ஒரு நிமிஷம் விட்டுப் போடுங்கோ. ஒருக்காச் செய்தும் ஓடாட்டி ஆள் வரத்தான் வேணும். திரும்பத் திரும்பப் போட்டு அணைக்கிறதால ஒரு பிரயோசனமும் இல்லை.

உப்புமூட்டை:

யூடியூப்ல பூந்தொட்டியைக் கவிழ்த்து உள்ள நாலு டீ லைட் மெழுகுவர்த்தி வச்சா ரூமே சூடாகுதுன்னு காட்டுறாங்களே. ஜெனரேட்டர் செலவே மிச்சம். இன்னொண்ணு, பார்பிக்யூவை கராஜ்ல வச்சு கதவைப் பாதி திறந்து விட்டா போதாதா?

வெப்பக்காற்று:

ரெண்டும் வேண்டாம்.

ஒரு டீ லைட்டின்ர சூடு 30, 40 வாட். நாலு கொளுத்தினால் 150 வாட் வரும். சாதாரண கரண்ட் ஹீட்டர் 1500 வாட். தொட்டியைக் கவிழ்த்தால் சூடு கூடாது, தொட்டி சுடும், அவ்வளவுதான். மெழுகு கொதிச்சுத் தீப் பிடிக்கிற ஆபத்துத்தான் மிச்சம்.

பார்பிக்யூ விஷயம் உயிரோட விளையாட்டு. கரி எரிஞ்சாலும் கேஸ் எரிஞ்சாலும் கார்பன் மொனொக்சைட் (CO) எண்ட விஷவாயு வரும். நிறமில்லை, மணமில்லை. கராஜ் கதவைப் பாதி என்ன, முழுக்கத் திறந்தாலும் வீட்டுக்குப் போற கதவு இடுக்கால உள்ள வரும். 2013 ஐஸ் மழையிலும் 1998 ஐஸ் மழையிலும் கரண்ட் போன நாட்களில ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில பலர் கராஜில ஜெனரேற்றரோ வீட்டுக்குள்ள கரி அடுப்போ வச்சவைதான். தலையிடி, ஓங்காளம், சோர்வு எண்டு காய்ச்சல் வாறமாதிரித்தான் தொடங்கும். வீட்டில எல்லாருக்கும் ஒரே நேரத்தில வந்தால், வெளிய போனதும் குறைஞ்சால், அது காய்ச்சல் இல்லை. எல்லாரும் வெளிய வந்து 911.

ஒன்ராறியோவில 2014 ஒக்டோபரிலிருந்து எரிபொருள் பாவிக்கிற வீடுகளில படுக்கை அறைகளுக்குக் கிட்ட CO அலாரம் கட்டாயம். பேஸ்மென்டில ஆக்கள் படுக்கினம் எண்டால் அங்கயும் தனியா வேணும். கரண்டில மட்டும் ஓடுற அலாரம் இந்த நேரத்தில உதவாது. பற்றரி உள்ளதாப் பாத்து வாங்குங்கோ. பின்பக்கத்தில திகதி அடிச்சிருக்கும், ஏழு முதல் பத்து வருஷத்தில காலாவதி. நாலு தரம் விட்டு விட்டுக் கத்தினால் விஷவாயு, மூண்டு தரம் எண்டால் புகை. அரை நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு ஒருக்கா "கிளிக்" எண்டால் பற்றரி முடியுது.

மின்கம்பி:

ஜெனரேட்டர் பத்தி நான் சொல்றேன். வேலையே அதுதான்.

வீடு முழுக்க ஓட்டணும்னு கனவு காணாதீங்க. ஃபர்னஸ் ஓடும்போது 500, 600 வாட் எடுக்கும், கிளம்பும்போது அதுக்கு மேல. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட் சுமார், மோட்டார் கிளம்பும் நொடியில ஆயிரத்தைத் தொடும். ரெண்டும் ஒரே நொடியில கிளம்பாம பாத்துக்கிட்டா 2000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் போதும். சின்ன டேங்க், நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா பிடிக்கும். பாதிச் சுமைக்குக் கீழ ஓடினா அஞ்சாறு மணி நேரம். இருபத்தி நாலு மணியும் ஓட்டாதீங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஃபர்னஸை ஓட விட்டா பைப் உறையாது, ஆட்களும் தாங்குவாங்க.

வெளியில, ஜன்னல் கதவிலிருந்து 6 மீட்டர் தள்ளி, புகை வர்ற பக்கம் வீட்டுக்கு எதிர்ப்பக்கமா. பக்கத்து வீட்டு ஜன்னலையும் கணக்குல சேருங்க. ஸ்காபரோ வீடுகளுக்கு நடுவுல சந்து நாலடிதான், அங்க வச்சா அவங்க வீட்டுக்குள்ள போகும்.

ஃபர்னஸ் சுவர்ல நேரடியா வயர் பண்ணியிருக்கும், பிளக் இருக்காது. அதனால டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (தெருக் கரண்டா ஜெனரேட்டர் கரண்டான்னு மாத்துற சுவிட்ச்) வேணும். ஃபர்னஸ் ஒரு சர்க்யூட்டுக்கு மட்டும் ஒண்ணு கிடைக்குது, அது போதும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போட்டு, ஒன்ராறியோ மின் பாதுகாப்பு ஆணையத்துல பதிவு பண்ணணும். ரெண்டு பக்கமும் ஆண் முனை வச்ச கேபிளை டிரையர் சாக்கெட்ல செருகுற வேலையை யார் சொன்னாலும் கேக்காதீங்க. உங்க வீட்டு 240 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல தலைகீழா ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாறும். கம்பத்துல வேலை செய்யறவன் செத்துப்போவான்.

இப்ப ரொம்பப் பேருக்குத் தெரியாத ஒண்ணு. சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்ல ஃபர்னஸை மாட்டினா தீ பத்தும், நாலஞ்சு செகண்ட்ல அணையும், மறுபடி பத்தும், அணையும், மூணாவது தடவை பூட்டிக்கும். ஃபர்னஸ்ல கோளாறு கிடையாது. தீ எரியுதான்னு பாக்குற சென்சார், தீ வழியா பூமி இணைப்புக்குப் போற நுண்ணிய மின்னோட்டத்தை அளக்குது. இந்த ஜெனரேட்டர்கள்ல நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) பூமியோட சேராம தொங்கிக்கிட்டு இருக்கும். சர்க்யூட் முழுசாகாது, சென்சார் "தீ இல்லை"ன்னு கேஸை மூடிடும். நீங்க போடற டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் நியூட்ரலையும் மாத்துற வகையா இல்லையாங்கறதைப் பொறுத்துத் தீர்வு மாறும். எலக்ட்ரீஷியன் கிட்ட முதல்லயே "எந்த ஜெனரேட்டர், ஃபர்னஸ் தீ நிக்குதா"ன்னு சொல்லி, வேலை முடிஞ்ச அன்னைக்கே மெயினை அணைச்சு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி!

பெட்ரோல்ல ஸ்டெபிலைசர் ஊத்தி வையுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காருக்கு ஊத்திட்டுப் புதுசு பிடிங்க. பேஸ்மென்ட்ல வைக்கவே கூடாது. மாசம் ஒரு தடவை இருபது நிமிஷம் சுமையோட ஓட்டுங்க. மைனஸ் 15, 20ல இன்ஜின் மூச்சுக்குழாய் உறைஞ்சு ஆயிலை வெளிய தள்ளும். காத்து நேரா அடிக்காத மாதிரி மூணு பக்கம் பலகை, மேல சரிவா ஒரு மறைப்பு இருந்தா நல்லது. நாலாவது பக்கம் திறந்தே இருக்கணும்.

புதுவீட்டுக்காரன்:

பற்றரிப் பெட்டி விக்கிறாங்களே, சத்தம் புகை ஒண்டும் இல்லை. அதை வாங்கினால்?

மின்கம்பி:

கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 வாட் அவர் பெட்டியில கைக்கு வர்றது 850. கடுங்குளிர்ல ஃபர்னஸ் பாதி நேரம் ஓடும்னா சராசரி 250, 300 வாட். மூணு மணி நேரம், அவ்வளவுதான். சாதாரணக் கரண்ட் கட்டுக்குப் போதும், ஐஸ் மழைக்குப் போதாது. ஆனா போன், ரேடியோ, இன்டர்நெட் மோடம், தூக்கத்துல போடற சிபாப் மெஷினுக்கு அருமையான சாமான். வீட்டுக்குள்ளயே வையுங்க. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணக் கூடாது.

இன்னொரு செலவு யாருமே எதிர்பாக்காதது. கரண்ட் மேலால வருதுன்னு சொன்னீங்களே. சுவரோட ஒட்டி மேல போற இரும்புக் குழாயும் மீட்டர் உக்காந்திருக்கற பெட்டியும் உங்க சொத்து. வயரும் மீட்டரும்தான் ஹைட்ரோ (கரண்ட்) கம்பெனியோடது. மரக்கிளை முறிஞ்சு வயர்ல விழுந்து அந்தக் குழாயைப் பிடுங்கினா, தெரு முழுக்கக் கரண்ட் வந்தாலும் உங்களுக்கு வராது. நீங்க எலக்ட்ரீஷியனைப் பிடிச்சுச் சரி பண்ணி, ஆய்வு முடிஞ்சாத்தான் இணைப்பாங்க. 2013ல பல வீடு பல நாள் கூடுதலா இருட்டுல கிடந்தது இதனாலதான். வயர் மேல சாயற கிளை இருந்தா இலையுதிர் காலத்துலயே வெட்ட ஆள் பிடிங்க. வயரைத் தொடற கிளைன்னா ஹைட்ரோவைக் கேளுங்க, நீங்க ஏணி போடாதீங்க. விழுந்து கிடக்கற வயர்கிட்ட 10 மீட்டருக்குள்ள போகாதீங்க, செத்த வயர் மாதிரி தெரிஞ்சாலும்.

குழாய்க்காரர்:

தண்ணிக் குழாயைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. குளிரால வாற செலவில பெரிசு அதுதான்.

முதல் வேலை: மெயின் வால்வு எங்க இருக்கு எண்டு வீட்டில எல்லாருக்கும், பேஸ்மென்ட் குடும்பத்துக்கும் காட்டுங்கோ. ஸ்காபரோ வீடுகளில அநேகமா பேஸ்மென்டின்ர முன் சுவரில, மீட்டருக்குப் பக்கத்தில இருக்கும். வாடகைக்காரரின்ர அலுமாரிக்குப் பின்னால இருந்தால் இப்பவே நகர்த்த வேணும். வட்டக் கைபிடி வால்வு பல வருஷம் திருப்பாமல் இருந்தால் இறுகியிருக்கும், அவசரத்தில திருப்பேக்கை தண்டு முறியும். இப்ப மெல்லத் திருப்பிப் பாருங்கோ. ஒழுகினால் இப்ப ஒழுகட்டும், பிளம்பரும் கடையும் திறந்திருக்கிற நேரத்தில. மாத்திறதெண்டால் கால் வட்டம் திருப்புற பந்து வால்வு போடுங்கோ.

வெளி பைப் (தண்ணி திறந்து மூடுற டாப்பைத்தான் பைப் எண்டுறன்): தோட்ட ஹோஸைக் கழட்டுங்கோ. உள்ளுக்குள்ள அதுக்கான வால்வைப் பூட்டி, வெளி பைப்பைத் திறந்து, உள் வால்வின்ர பக்கத்தில இருக்கிற சின்ன மூடியைக் கழட்டி மிச்சத் தண்ணியை வாளியில எடுத்திட்டு, வெளி பைப்பைத் திறந்தபடி விடுங்கோ. "எங்கட பைப் உறையாத வகை" எண்டு ஹோஸை விட்டுவைக்கிற ஆக்கள்தான் வசந்த காலத்தில சுவர் நனைஞ்சு நிக்கினம். ஹோஸ் இருந்தால் அந்தக் குழாயில தண்ணி வடியாது, சுவருக்குள்ள உறைஞ்சு வெடிக்கும். முதல் தரம் தண்ணி திறக்கிற அண்டைக்குத்தான் தெரியும்.

வெளிச்சுவரோட ஒட்டின குசினி சிங்க்: கடுங்குளிர் இரவில கீழ்க் கதவைத் திறந்து விடுங்கோ. பைப்பைப் பென்சில் முனை அளவுக்கு ஒழுக விடுங்கோ, சூடும் குளிரும் ரெண்டும். ஏனெண்டால் குழாய் வெடிக்கிறது பெரும்பாலும் ஐஸ் நிக்கிற இடத்தில இல்லை. ஐஸ் கட்டிக்கும் மூடின பைப்புக்கும் நடுவில மாட்டுப்பட்ட தண்ணியின்ர அமுக்கம்தான் வெடிக்க வைக்குது. பைப் கொஞ்சம் திறந்திருந்தால் அந்த அமுக்கத்துக்கு வழி கிடைக்கும்.

உறைஞ்சு போனால் ஹேர் டிரையர், சுடுதண்ணித் துணி. பைப் முனையிலிருந்து தொடங்கி உள்ளுக்குப் போக வேணும், பைப் திறந்திருக்க வேணும். நெருப்பு வைக்கிற டார்ச்சைத் தொடவே கூடாது. சுவருக்குள்ள மரச் சட்டம் புகைஞ்சு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு பத்தும்.

கரண்ட் இல்லாமல் நாள் நீண்டால் பேஸ்மென்டில குழாய் ஓடுற மூலையில ஒரு தெர்மாமீற்றர் வையுங்கோ. 5 டிகிரிக்குக் கிட்ட வந்தால் தண்ணியை வடிக்கிற நேரம். மெயினைப் பூட்டி, மேல்மாடி பைப்புகள் எல்லாம் திறந்து, கடைசியில பேஸ்மென்டில தாழ்வான பைப்பைத் திறந்து விடுங்கோ. டொய்லெட்டை ஃப்ளஷ் பண்ணுங்கோ. வாட்டர் டேங்க் கேஸ் எண்டால் பைலட்டுக்குத் திருப்பி விடுங்கோ. கரண்ட் டேங்க் எண்டால் பிரேக்கரை முதலில அணைக்க வேணும், இல்லாட்டி கரண்ட் வந்ததும் தண்ணி இல்லாத டேங்கில கொயில் எரிஞ்சு போகும். சிங்க், பாத் டப், டொய்லெட், நிலத் துவாரம் ஒவ்வொண்டுக்கும் ரோஸ் நிறக் குழாய் அன்டிஃப்ரீஸ் (உறையாத திரவம்) ஊத்துங்கோ. காருக்கு ஊத்துறது நஞ்சு, அது வேண்டாம்.

சம்ப் பம்ப் (பேஸ்மென்டுக்கு அடியில சேருற தண்ணியை வெளிய இறைக்கிற பம்ப்) இருந்தால் அதுக்கு பற்றரி பாக்கப் வேணும். ஐஸ் மழைக்குப் பின்னால மழையோ வெயிலோ வந்தால் கரண்ட் இல்லாத பேஸ்மென்டில தண்ணி ஏறும். பேஸ்மென்டில ஆக்கள் இருக்கினம் எண்டதை மறக்காதீங்கோ.

மார்க்கம்_அக்கா:

சமையல் பக்கம் நான் சொல்லுறன். கரண்ட் அடுப்பு எண்டால் கனபேர் ஓடிப்போய் அந்தச் சின்ன கேஸ் குப்பி அடுப்பை வாங்கீனம். அதில இருக்கிறது பியூட்டேன். பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் அது ஆவியாகாது, மைனஸ் 10இல் வெளியில வைச்சுக் கொளுத்தினால் எரியாது. எரிய வைக்க வேணுமெண்டு உள்ள கொண்டு வந்தால் மேல வெப்பக்காற்று அண்ணை சொன்ன விஷவாயு. வெளியில சமைக்கிறதுக்கு புரொபேன் பார்பிக்யூதான் சரி, அது மைனஸ் 40 வரைக்கும் எரியும். சிலிண்டரை உள்ள கொண்டு வராதீங்கோ.

ஐஸ் மழை எச்சரிக்கை வந்த அண்டே ரெண்டு மூண்டு பெரிய ஃபிளாஸ்கில கொதிதண்ணி பிடிச்சு வைச்சால் ஒரு நாளைக்குத் தேத்தண்ணியும் பால்மாவும் ஓடும். அவல் பச்சைத் தண்ணியில ஊறும், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டால் காலைச் சாப்பாடு. டின் மீன், பாண், ரஸ்க், பேரீச்சம்பழம், வாழைப்பழம், முறுக்கு. வறுத்த மா இருந்தால் கொதிதண்ணியில குழைச்சுப் பிள்ளையளுக்குக் குடுக்கலாம். டின் திறக்கிற சாமான் கையால சுத்துறதா இருக்க வேணும்.

தண்ணி: ஒரு ஆளுக்கு நாளைக்குக் குடிக்க 2 லீற்றர், சமைக்கக் கழுவ இன்னொரு 2. நாலு பேருக்கு மூண்டு நாள் 48 லீற்றர். 18.9 லீற்றர் போத்தல் மூண்டு. கீழ் வீட்டுக்குத் தனிக் கணக்கு.

ஃப்ரிட்ஜைத் திறக்காட்டி நாலு மணித்தியாலம் தாங்கும். ஃப்ரீசர் நிறைய இருந்தால் 48, பாதி எண்டால் 24. எங்கட வீடுகளில பெட்டி ஃப்ரீசரில மீனும் நண்டும் நிறைஞ்சுதானே கிடக்கு, அதைத் திறந்து திறந்து பாக்காமல் விட்டால் போதும். வெளியில குளிர்தானே எண்டு டெக்கில வைக்காதீங்கோ. வெயில் பட்டால் உருகும், இரவில உறையும், ரக்கூனும் வரும். கூலர் பெட்டியில போட்டு கராஜில வையுங்கோ.

அம்மாவின்ர இன்சுலின் கனக்க முக்கியம். 2 தொடக்கம் 8 டிகிரி எண்டதை எல்லாரும் சூட்டுக்கு எண்டுதான் நினைக்கினம். உறைஞ்ச இன்சுலின் உருகினாலும் பிரயோசனமில்லை, எறிய வேண்டியதுதான். கராஜ், கார், ஜன்னல் படி எங்கயும் வைக்காதீங்கோ. துணியில சுத்தி, வீட்டுக்குள்ள குளிர்ந்த அறையில ஒரு கூலருக்குள்ள வையுங்கோ, ஐஸ் பையோட முட்டக் கூடாது. இப்ப பாவிக்கிற பேனா அவவின்ர உடம்போட, ஸ்வெட்டருக்குள்ள இருக்கலாம். சுகர் பாக்கிற மெஷினும் ஸ்ட்ரிப்பும் குளிர்ந்தால் பிழையாக் காட்டும், இல்லாட்டி எரர் வரும். கையுக்குள்ள வைச்சுச் சூடாக்கிப் போட்டுப் பாருங்கோ. எச்சரிக்கை வந்தவுடன மருந்துக்கடைக்குப் போய் ரெண்டு கிழமை மருந்து கைவசம் எடுத்து வையுங்கோ.

எல்லாரும் ஒரே அறையில படுங்கோ. தெற்குப் பக்க அறை நல்லது. பகலில வெயில் இருந்தால் திரையைத் திறந்து, இருட்டினதும் மூடி, மேல போர்வை தொங்க விடுங்கோ. கதவடியில துவாயைச் சுருட்டி வையுங்கோ. பேஸ்மென்ட் ஆக்களையும் மேல கூப்பிடுங்கோ. ஒரு அறையில ஆறு பேர் இருந்தால் அதுவே சூடு.

17ஆம்மாடி:

எல்லாரும் வீட்டுக்காரங்களா பேசுறீங்க. அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களுக்கும் கொஞ்சம்.

உயரமான கட்டடத்துல கரண்ட் போனா தண்ணியும் போகும். மேல் மாடிகளுக்குத் தண்ணியை ஏத்துறது பம்ப். எச்சரிக்கை வந்ததுமே பாத் டப்பை நிரப்புங்க. குடிக்க இல்லை, டாய்லெட்டுக்கு. ஒரு வாளியை வேகமா ஊத்தினாலே ஃப்ளஷ் ஆகும். கட்டடத்து ஜெனரேட்டர் நடைபாதை லைட், தீயணைப்பு பம்ப், ஒரு லிஃப்ட் இதுக்குத்தான். உங்க பிளக்குக்கு வராது. அந்த லிஃப்டும் தீயணைப்புப் படைக்கு ஒதுக்கியிருக்கலாம். ஆக்சிஜன் மெஷின், வீல்சேர் இருக்கறவங்க புயலுக்கு முன்னாடியே கீழ் மாடி உறவினர் வீட்டுக்குப் போயிடறதுதான் சரி. பதினேழு மாடி படியில யாரையும் தூக்கி இறக்க முடியாது.

எங்க கட்டடத்துல மாடிக்கு ஒருத்தர்னு பொறுப்பு இருக்கு. பட்டியல்ல நாலே விஷயம்: தனியா இருக்கற முதியவர் யார், கரண்ட்ல ஓடற மருத்துவ சாதனம் யார் கிட்ட, கைக்குழந்தை எந்த வீட்டுல, இங்கிலீஷ் புரியாதவர் யார். காலை ஒரு தடவை, இருட்டினதும் ஒரு தடவை கதவைத் தட்டணும். போன் பண்ணிப் பாத்தா போதும்னு விடக் கூடாது. மோடம் வழியா வர்ற வீட்டு போன் கரண்ட் போனதும் செத்துடும், செல் டவர் பேட்டரியும் சில மணி நேரம்தான். பேட்டரி ரேடியோ ஒண்ணு கீழ் லாபியில. சிபிசி 99.1.

பால்கனியில பார்பிக்யூ, கரி அடுப்பு யாராவது பத்த வச்சா அன்னைக்கு மட்டும் சண்டை போடலாம், தப்பில்லை.

மண்டபப்பொறுப்பு:

கோயில் மண்டபத்தை "திறந்து விட்டால் சனம் வந்து தங்கும்" என்று பலரும் சொல்வார்கள். திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

மண்டபத்து ஹீட்டிங்கும் கரண்டில்தான் ஓடும். ஜெனரேற்றர் இணைப்பு இல்லாத மண்டபம் சில மணித்தியாலத்தில் வீட்டை விடக் குளிர்ந்துவிடும், உயரக் கூரை, பெரிய கண்ணாடி. ஆகவே இலையுதிர் காலத்திலேயே ஹீட்டிங், அவசர விளக்கு, இரண்டு டொய்லெட், போன் சார்ஜ் இவற்றுக்கு மட்டும் தேவையான சுமையை எலக்ட்ரீஷியனைக் கொண்டு கணக்கிட்டு, வெளிச்சுவரில் ஜெனரேற்றர் செருகும் பெட்டி பொருத்தி வையுங்கள். ஜெனரேற்றரை அந்த நேரத்தில் வாடகைக்கு எடுக்கலாம் என்றால், எச்சரிக்கை வரும் நாளிலேயே பதிவு செய்ய வேண்டும். மறுநாள் ஒன்றும் மிச்சம் இருக்காது.

மடைப்பள்ளியில் பெரிய கேஸ் அடுப்பு இருக்கிறதே, அன்னதானத்துக்குச் சமைக்கலாம் என்று நினைப்பது இயல்பு. மேலே புகை இழுக்கும் விசிறி கரண்டில் ஓடுகிறது. அது நின்றால் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. இருநூறு பேர் இருக்கிற மூடிய மண்டபத்தில் கார்பன் மொனொக்சைட் நிறையும். புதிய சமையலறைகளில் விசிறி நின்றால் கேஸ் தானாகவே பூட்டும். அதை மாற்றி வைக்க ஒருவரையும் விடாதீர்கள். வெளியில், சுவரிலிருந்து தள்ளி, கூடாரத்தின் பக்கங்களைத் திறந்துவிட்டு புரொபேன் பர்னரில் சோறும் சாம்பாரும் சமைக்கலாம். சாம்பார் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக நாள் முழுக்க வைத்தால் வயிற்றோட்டம் மண்டபம் முழுக்கப் பரவும்.

தீயணைப்புச் சட்டப்படி மண்டபத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு உண்டு, அது நாற்காலியில் இருப்பவர்களுக்குப் போட்ட கணக்கு. இரவு படுப்பதென்றால் நகராட்சியிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பகலில் சூடாறி, போன் சார்ஜ் செய்து, சாப்பிட்டுப் போகிற இடமாக நடத்துவது எளிது. இரவுக்கு நகராட்சியின் வெப்ப மையங்களுக்கு அனுப்புங்கள். ரொறன்ரோவில் 311, ஒன்ராறியோ முழுவதும் 211 என்ற எண்ணை அழைத்து, தமிழில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வாகனம் ஓட்டத் தொண்டர்களை அனுப்பும்போது குளிர்கால டயர் இல்லாத காரை அனுப்பாதீர்கள். மலைச் சின்னத்துக்குள் பனிச்செதில் வரைந்த டயர்தான் கணக்கு. ஐஸ் மழை பெய்துகொண்டிருக்கும்போது எந்த டயரும் நிற்காது, அப்போது ஒருவரையும் அனுப்ப வேண்டாம்.

உப்புமூட்டை:

பேருக்கு ஏத்த மாதிரி உப்பைப் பத்தி. டிரைவ்வேயில மூட்டை மூட்டையா கொட்டறதை நிறுத்துங்க. ஒரு காபி மக் உப்பு, கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, ஆறு மீட்டர் டிரைவ்வேக்குப் போதும். முதல்ல பனியைத் தள்ளிட்டுப் போடணும். சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10க்குக் கீழ வேலை செய்யாது. எவ்வளவு கொட்டினாலும் கொட்டினதுதான். அதுக்குக் கீழ கால்சியம் குளோரைடு, இல்லைன்னா வெறும் மணல். ஒரு வருஷத்துக்குள்ள போட்ட கான்கிரீட்ல உப்பே வேண்டாம். மேல் தோல் உரிஞ்சு வரும்.

ஐஸ் மழைன்னா பெய்யறதுக்கு முன்னாடியே லேசாத் தூவுங்க. அடியில ஒட்டாது.

ஸ்னோ புளோவர்ல ஈரப் பனி அடைச்சா இன்ஜினை அணைச்சுட்டும் கையை விடாதீங்க. உள்ள இறுகி நிக்கற பிளேடு அடைப்பு எடுபட்டதும் ஒரு சுத்து சுத்தும், விரல் போகும். குச்சியால தள்ளுங்க. பிளேடை அச்சோட பிடிக்கற மெல்லிய பின் உடையறதுக்காகவே வச்சது. இரும்பு போல்ட்டைப் போட்டா அடுத்த கல்லுக்கு கியர் பெட்டி போகும். அஞ்சு பின் வாங்கி வையுங்க.

ஐம்பது தாண்டினவங்க, இதய நோய் உள்ளவங்க, காலையில எழுந்த உடனே சவலைத் தூக்காதீங்க. தூக்காம தள்ளுங்க. தெருவுல உங்க வீட்டு முன்னாடி தீயணைப்புக் குழாய் இருந்தா அதைச் சுத்தி ஒரு மீட்டர், சாக்கடை மூடி இருந்தா அதையும் விலக்குங்க. பனி உருகற அன்னைக்கு அந்த மூடி அடைஞ்சிருந்தா தெரு பேஸ்மென்டுக்குள்ள வரும்.

புதுவீட்டுக்காரன்:

பெரிய உதவி. எல்லாத்தையும் ஒரே மாதத்தில வாங்க ஏலாது. எதை முதலில செய்யிறது? கரண்ட் திரும்ப வரேக்கை செய்ய வேண்டியது ஏதும் இருக்கோ?

வெப்பக்காற்று:

இந்தக் கிழமை: மேலயும் கீழயும் CO அலாரம், ஃபர்னஸ் ஃபில்டர், வெளி பைப். மூண்டும் நூத்தைம்பது டொலருக்குள்ள முடியும். அடுத்தது தண்ணி, சாப்பாடு, பற்றரி ரேடியோ, அம்மாவின்ர மருந்து. வயரில சாயிற மரக்கிளை. பிறகு மெயின் வால்வு. ஜெனரேற்றரும் டிரான்ஸ்ஃபர் சுவிட்சும் கடைசி, ஆனால் ரெண்டும் சேர்த்து வாங்குங்கோ. சுவிட்ச் இல்லாத ஜெனரேற்றரால ஃப்ரிட்ஜ் மாதிரி பிளக் உள்ளது மட்டும்தான் ஓடும்.

மின்கம்பி:

கரண்ட் போன உடனேயே அடுப்பு, டிரையர், ஹீட்டர், ஃபர்னஸ் எல்லாத்தையும் அணைச்சு வச்சுடுங்க, ஒரு லைட்டை மட்டும் விடுங்க வந்தா தெரியறதுக்கு. வரும்போது தெருவுல எல்லா வீட்டு ஃபர்னஸும் ஃப்ரிட்ஜும் ஒரே நொடியில இழுத்தா மறுபடி விழும். லைட் எரிஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு ஃபர்னஸை மட்டும் போடுங்க, பிறகு ஃப்ரிட்ஜ். ஜெனரேட்டர் சுவிட்சை மெயினுக்குத் திருப்பினதுக்கு அப்புறம்தான் இன்ஜினை அணைக்கணும், சூடு ஆறினதுக்கு அப்புறம்தான் பெட்ரோல் ஊத்தணும்.

குழாய்க்காரர்:

தண்ணியை வடிச்சிருந்தால் மெயின் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து, ஒரு ஆள் பேஸ்மென்டில, ஒரு ஆள் மேல நிண்டு சத்தம் கேளுங்கோ. பைப்புகளைத் திறந்தே வையுங்கோ, காத்து வெளிய போகட்டும். வாட்டர் டேங்க் நிரம்பி சுடுதண்ணிப் பைப்பால தண்ணி ஒழுங்கா வந்த பிறகுதான் அதைக் கொளுத்துறது.

மார்க்கம்_அக்கா:

ஃப்ரீசருக்குள்ள இப்பவே ஒரு கப் தண்ணியை உறைய வைச்சு மேல ஒரு காசைப் போட்டு விடுங்கோ. கரண்ட் வந்த பிறகு பாக்கேக்கை காசு மேலயே இருந்தால் மீனைப் பாவிக்கலாம். அடியில போயிருந்தால் எல்லாத்தையும் எறியுங்கோ, மணந்து பாத்து முடிவெடுக்காதீங்கோ.